இரண்டு ஓவனுக்கும் ஒரே சூடு

கோத்தகிரி ஜெபவீட்டை நடத்திவந்த மார்த்தாள் அக்காவுக்கு நாற்பது வயசுதான். ஆனாலும் அங்கே ஜெபம் கற்றுக்கொள்ள வந்த எல்லோருக்கும் அவர் அக்கா. அறுபதைத் தொட்ட ஞானப்பூவுக்கும் அக்காதான்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. ஞானப்பூ சமையலறை வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“என் சின்னவன் கிதியோன் நாளைக்கு மெட்ராஸ்லேருந்து கப்பல் வேலைக்குப் போறானாம், அக்கா. அம்மாகிட்ட சொல்லாதேன்னானாம். பெரியவன்தான் மனசு கேக்காம போன் பண்ணினான்.”

அக்கா கேக் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே செஞ்சேன்? விடியுமுன்னே எழுப்பி முழங்கால் போட வெச்சேன். வசனம் தப்பினா ரெண்டு பேருக்கும் பிரம்புதான். பெரியவன் பாஸ்டராயிட்டான். இவனுக்கு மட்டும் நான் ஏன் ஆகாமப் போனேன்?”

அக்கா மாவை இரண்டு டின்னில் ஊற்றி நீட்டினார். “வையுங்க. ஓவனுக்கு ஒண்ணு.”

அந்த வீட்டைக் கொடுத்தவர்கள் விட்டுப்போன பெரிய அடுப்பு அது. மேலே பர்னர்கள், கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓவன். இடது பக்கத்து ஓவன் சும்மா சூடாகும். வலது பக்கத்து ஓவனுக்குள் விசிறி சுழலும். ஞானப்பூ இரண்டு குமிழையும் ஒரே எண்ணுக்குத் திருப்பினாள்.

“ரெண்டுக்கும் ஒரே சூடா?”

“பின்னே? ஓரவஞ்சனை கூடாதில்ல.”

இருவரும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். ஞானப்பூவுக்கு ஜெபம் ஓடவில்லை. விசிறி உம்மென்று இரைந்துகொண்டே இருந்தது. கருகல் வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினாள்.

இடது பக்கத்து கேக் பொன்னிறமாக உப்பியிருந்தது. வலது பக்கத்தது மேலே கரியாகி வெடித்திருந்தது. அக்கா கத்தியால் கீறினார். உள்ளே இருந்து பச்சை மாவு வழிந்தது.

“பாழாப்போன அடுப்பு!” என்றாள் ஞானப்பூ.

“நேத்து நீங்க கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ன பிஸ்கட் இதுல சுட்டதுதான்.”

“எப்படி?”

“இதுக்குச் சூட்டைக் குறைச்சு வைக்கணும். விசிறி வெக்கையை நாலா பக்கமும் அடிக்குது பாருங்க. அதுக்கு அளவா இருக்கிறது இதுக்கு ஜாஸ்தி.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“இரைச்சல் கேக்கலையா?”

ஞானப்பூ தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கேட்டுச்சு. பிரம்பை எடுத்தாலே கிதியோன் டவுசரை நனைச்சிடுவான், அக்கா. ‘உங்க அண்ணன் நிக்கல?’ன்னு இன்னும் ரெண்டு போடுவேன்.”

ஞானப்பூ கருகின கேக்கைப் பார்த்தாள்.

“இப்போ சூட்டைக் குறைச்சு வெச்சா இது சரியாகுமா?”

“ஆகாதும்மா.”

ஞானப்பூ எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்கிறேன். கதவைத் திறப்பானோ என்னவோ.”

“தெரியாது.”

“திறந்தா நான் என்ன பேசட்டும்?”

அக்கா கருகின டின்னைத் தண்ணீரில் ஊறப்போட்டார்.

“அண்ணன் பேரை எடுக்காதீங்க.”