பதினோரு பேர்

கூப்பிட்ட குரலுக்குப் பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரும் போய்விட்டார்கள். குற்றம் யார்மேல், சொல்லுங்கள் பார்ப்போம்?

இருதயராஜைக் கேட்டால், இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை கிடையாது என்பார். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதுக்கு மேல் தமயந்தி டீச்சரிடம் கணினி கற்றார். டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவுதான். ஆனாலும் குரு குருதான்.

ஊர் நூலகங்களுக்காக டீச்சர் செய்த மென்பொருளை யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். அதன் கையேடு இருதயராஜ் பொறுப்பு. இருநூறு பக்கம், ஒற்றை ஆள். தைக்குள் புதுப்பித்தாக வேண்டும். கண்ணிலோ புரை விழுந்துகொண்டிருந்தது. உதவிக்கு ஆள் கேட்டு இணையத்தில் எழுதினார்; அப்படி வந்து போனவர்கள்தான் அந்தப் பதினோரு பேர்.

அன்று டீச்சர் மகளுக்குக் காதுகுத்து. அடுக்களை வாசலில் நின்று இருதயராஜ் புலம்பித் தீர்த்தார். புலம்பிக்கொண்டே ஒரு வெங்காயத்தை எடுத்தார். டீச்சர் அதை வாங்கித் தாமே உரித்தார். இவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனார். அதற்குள் டீச்சரே அதைத் தூக்கிக்கொண்டார். வாழை இலையாவது நறுக்கட்டுமா என்று இவர் கேட்டார். இலை நறுக்கும் முறையைக் கால்மணி நேரம் விளக்கிவிட்டு, அதையும் டீச்சரே நறுக்கினார்.

கையை எங்கே வைப்பதென்று இருதயராஜுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க, சாப்பிடாம?"

"எனக்கு இங்க என்ன வேலை டீச்சர்? எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கிறீங்க."

"அந்தப் பதினோரு பேரும் இதையேதான் நினைச்சிருப்பாங்க."

இருதயராஜ் ஒரு கால் செருப்போடு நின்றார். உதவ வந்தவர்கள் கையேட்டில் ஆளுக்கொரு பிழையைச் சொல்லியிருந்தார்கள். பதிலுக்கு அவர் ஒரு வரி நன்றியும் பன்னிரண்டு பக்க விதிமுறையும் அனுப்பியிருந்தார். பிழையை அந்த நிமிடமே தாமே திருத்தியும் இருந்தார்.

இன்றைக்கு யாராவது எழுதினார்களா என்று டீச்சர் விசாரித்தார். பரமக்குடி நூலகர் மீனலோசனி எழுதியிருந்தார். கையேட்டில், புத்தகத்தைத் திருப்பி வாங்கும் பகுதியில் செய்முறைப் படி ஒன்று விட்டுப்போயிருக்கிறதாம்.

"ரெண்டு நிமிஷ வேலை டீச்சர். இதோ, இப்பவே போட்டுடறேன்" என்று போனை எடுத்தார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே போனைக் கையால் மூடினார்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க சார். அந்தப் பிழையை மட்டும் அவங்களுக்கு விட்டு வைங்க."