கிடங்குக்குள் கேட்ட "சா"

நாகப்பட்டினம் துறைமுகக் கிடங்கில் ஒரு சீன மாலுமி காய்ச்சலில் இறந்துபோனார். மறுநாளிலிருந்து, பூட்டிய கிடங்குக்குள்ளே "சா... சா..." என்று ஈனக்குரல் கேட்டது. செத்துப்போ என்று பேய் சபிப்பதாக நினைத்துக் கூலியாட்கள் ஓடிவிட்டார்கள்.

துறைமுக அதிகாரி நமசிவாயம், கிடங்கைப் பெருக்கும் வேம்பாயியைக் கூப்பிட்டார். "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள உள்ளே போய் அந்தக் குரலை நிறுத்து. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

வேம்பாயி முன்பு சீனக் கப்பல்களுக்குத் தண்ணீர் சுமந்தவள். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் போட்டு, கிடங்கின் இருட்டில் வைத்துவிட்டு வந்தாள். குரல் நின்றது. போய்ப் பார்த்தபோது கோப்பை காலியாக இருந்தது.

"என்ன மந்திரம் போட்டே?" என்றார் அதிகாரி.

"மந்திரம் இல்லீங்க ஐயா. சான்னா நமக்குத்தான் சாவு. அவங்க பாஷையில தேத்தண்ணி. பாவம், தாகத்தோட போயிருக்காரு."

கூட்டம் பார்ப்பதைக் கண்டு அதிகாரி நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கு அப்பவே தெரியும்."

உள்ளே மறுபடியும் "சா" என்றது.

வேம்பாயி இன்னொரு கோப்பை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "தெரிஞ்சவங்க நீங்களே குடுத்துடுங்க ஐயா."

அவர் போகத்தான் வேண்டியிருந்தது. வாசலைத் தாண்டிய இரண்டாவது அடியில், ஈரமான விரல்கள் அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டன.