ரத்தத்தில் தேங்கியது

தென்காசியில் உலகம்மாள் என்றொரு தியான ஆசிரியை இருந்தார். நாற்பது வயதிலேயே சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸ்தான் அவரை நடமாட வைத்துக்கொண்டிருந்தது. அவருடைய சீடர் குத்தாலிங்கம் வயதில் மூத்தவர். ஓட்டலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தவர்.

ஒருமுறை அவருடைய தியானக் கூட்டத்துக்கு வெளியூர்க்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். டயாலிசிஸ் நாளும் அதே நாளாக அமைந்துவிட்டது.

"இந்த ஒரு தடவை விட்டா என்னம்மா? கூட்டம் முடியவும் போய்க்கிடலாம். தூரத்துல இருந்து வந்திருக்காவ," என்றார் குத்தாலிங்கம்.

ஊசி குத்திக் குத்தி உலகம்மாளின் கை புடைத்துப்போயிருந்தது. போகாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்ததில் அவருக்கும் நிம்மதிதான்.

"சரி அண்ணாச்சி."

கூட்டத்தின் இரண்டாம் நாள், வெளியேற வழியில்லாத கழிவெல்லாம் அவர் ரத்தத்தில் ஏறி நின்றது. வாயில் இரும்பைக் கடித்த ருசி. தோலெங்கும் அரிப்பு. எதிரே இருந்த முகங்கள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன.

கோமதி என்ற பெண் எழுந்தாள். விபத்தில் மகனைப் பறிகொடுத்தவள்.

"எம் புள்ள எங்கம்மா போயிருப்பான்?"

உலகம்மாள் கலங்கிய கண்ணால் அவள் முகத்தைத் தேடினார். பிறகு சொன்னார்:

"கதவைச் சாத்து. உள்ள யாரும் இல்ல."

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். கோமதி விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் உலகம்மாள் சரிந்து விழ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மெஷின் அன்றும் ஓடியது, மறுநாளும் ஓடியது. அதற்குப் பிறகுதான் அவருக்கு ஆட்களை அடையாளம் தெரிந்தது. கட்டிலருகே குத்தாலிங்கம் உட்கார்ந்திருந்தார். பயம் தெளிந்து முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, ஊரெல்லாம் உங்க பேச்சுதான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கு மட்டும் சொல்லுங்க."

"எந்த வார்த்தை?"

அவர் சொன்னார். உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கி ரொம்பக் குளிருச்சி அண்ணாச்சி. அதான் கதவைச் சாத்தச் சொல்லியிருப்பேன்."

"உள்ள யாரும் இல்லன்னீயளே?"

"ஞாபகம் இல்ல. ரத்தத்துல யூரியா ஏறினா மூளை கலங்கிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வாயில என்ன வரும்னு நமக்கே தெரியாது."

குத்தாலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. கோமதிக்கு ஞானமே வந்துட்டுங்காவ. மகன் ரூம்பை இழுத்துப் பூட்டிட்டாளாம். யார்ட்டயும் பேசுறதில்லையாம். பச்சத்தண்ணி பல்லுல படலையாம்."

உலகம்மாள் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அதற்கே மூச்சு வாங்கியது. கட்டிலுக்கு அடியில் காலால் செருப்பைத் துழாவினார்.

"எங்கம்மா கெளம்புதீய? டாக்டர் படுக்கச் சொல்லியிருக்காவ."

"கோமதி வீட்டுக்கு."

"போயி?"

"புத்தி கலங்கி உளறிட்டேன்னு சொல்லணும்."

"உங்களைக் கும்பிட்டவங்க எல்லாம் என்ன நெனைப்பாவ?"

"நெனைக்கட்டும்."

"சரி, அவ மறுபடியும் கேப்பாளே. எம் புள்ள எங்கன்னு."

"தெரியலன்னு சொல்லுவேன். கொஞ்சம் கஞ்சி குடிக்கச் சொல்லிக் கூடவே உக்காந்திருப்பேன்."

"நாளைக்குப் போவமே அம்மா. நிக்கக்கூடத் தெம்பில்ல உங்களுக்கு."

உலகம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குள்ள தேங்கினத மெஷின் எடுத்துட்டுது. அவளுக்குள்ள நான் எறக்கினத எந்த மெஷின் எடுக்கும்? ஆட்டோவைக் கூப்பிடுங்க அண்ணாச்சி."