கீரியின் தாத்தாவும் பாம்பின் தாத்தாவும்

ஏரிக்கரை முட்புதரில் ஒரு கவுதாரி முட்டையிட்டு அடைகாத்து வந்தது.

பக்கத்துப் பொந்துக்கு ஒரு கீரி குடிவந்தது. வந்த அன்றே புதருக்குள் எட்டிப் பார்த்தது.

"அக்கா, இனி உங்களுக்குப் பாம்புப் பயமே வேண்டாம்! என் தாத்தா யார் தெரியுமா? பனைமரப் பருமனுள்ள நாகத்தை ஒரே கடியில் இரண்டாக்கியவர்!"

கவுதாரிக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படியானால் நீயே காவல் இரு தம்பி. நான் கிளறி எடுக்கும் கறையானில் பாதி உனக்கு!"

அன்று முதல் கீரிக்கு உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. தின்றுவிட்டுத் தாத்தா கதை சொல்லும். கதை நாளுக்கு நாள் கொழுத்தது. ஒரு நாள் தாத்தா பாம்பைக் கொன்றார். மறுநாள் பாம்பின் மாமனாரையும் சேர்த்துக் கொன்றார். பிறகு ஒரு நாள் தாத்தா வெறுமனே தும்மினார். மலையடிவாரத்துப் பாம்புகளெல்லாம் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன!

"அது சரி தம்பி, நீ எத்தனை பாம்பைக் கொன்றிருக்கிறாய்?" என்று கவுதாரி கேட்டது.

"பாட்டியின் கதையை நான் இன்னும் சொல்லவே இல்லையே!" என்றது கீரி.

ஒரு காலையில் முட்டைகளுக்குள்ளிருந்து 'கீச் கீச்' என்று சத்தம் வந்தது. ஓடுகளில் விரிசல் விழுந்தது. கவுதாரி பூரித்துப் போனது. அதே நேரம் சருகு சலசலத்தது. எதிரே ஒரு நாகப்பாம்பு படமெடுத்து நின்றது!

"தம்பி! பாம்பு! ஓடி வா!"

கீரி ஓடி வந்தது. பாம்பைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அது பாம்பைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வந்த வேகத்திலேயே இரண்டடி பின்வாங்கியது.

பாம்பும் அதுவரை கீரியைக் கண்டதில்லை. அதன் படம் ஆடியது கோபத்தால் அல்ல, நடுக்கத்தால்.

"ஏய்! என் தாத்தா யார் தெரியுமா?" என்று கீரி கத்தியது.

"முதலில் என் தாத்தா யாரென்று கேள்! அவர் யானையின் நிழலைக் கொத்தினார். யானை செத்தது!" என்று பாம்பு சீறியது.

"அந்த மாதிரித் தாத்தாக்களைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் என் தாத்தா பல்லே துலக்குவார்!"

"யார், அந்த வாலறுந்த கிழவரா? அந்த வாலைக் கடித்து எடுத்ததே எங்கள் ஆள்தான்!"

"பொய்! அது எங்கள் பெரிய தாத்தா! வால் பாறையிடுக்கில் மாட்டி அறுந்தது!"

"அம்மா வழியா, அப்பா வழியா?"

"அப்பா வழி!"

"அப்படியானால் கடித்தது எங்கள் சின்னத் தாத்தா!"

கவுதாரிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, பேசியது போதும்! பாய்ந்து கடி!"

"கொஞ்சம் இருங்கள் அக்கா! இது குடும்ப மானம்! இப்போதுதான் முப்பாட்டனுக்கு வந்திருக்கிறோம்!"

வெயில் ஏறியது. இரண்டும் இருந்த இடத்தைவிட்டு ஓரடி அசையவில்லை. முட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. கவுதாரிக் குஞ்சுகள் ஈரம் உலர்ந்ததும் ஓடக் கூடியவை. ஆனால் கடைசிக் குஞ்சு ஓட்டுக்குள் சிக்கிக்கொண்டது. தாய் படபடப்போடு ஓட்டைக் கொத்தி உடைத்தது.

சத்தம் கேட்டுப் பாம்பு தலையைத் திருப்பியது. "ஆகா! பிஞ்சுக் குஞ்சு!" என்று நாக்கை நீட்டியது.

கவுதாரிக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் சட்டென்று கேட்டது: "பாம்பாரே, உங்கள் கொள்ளுத் தாத்தா கீரிக்குப் பயந்து எலி வளையில் ஒளிந்தாராமே? தம்பிதான் சொன்னான்!"

"என்னது!" பாம்பு பட்டென்று கீரிப் பக்கம் திரும்பியது. "எந்த வளை? எந்த எலி? சொல்லடா!"

அவ்வளவுதான், எள்ளுத் தாத்தாக்கள் வரை சண்டை போனது. தொண்டை வறண்டு இரண்டும் திரும்பிப் பார்த்தபோது, புதரில் வெறும் ஓடுகள்தான் கிடந்தன.

அதற்குள் கவுதாரிக் குடும்பம் அக்கரைக்குப் போகும் வழியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குஞ்சு மூச்சிரைக்கக் கேட்டது: "அம்மா, நம் தாத்தா என்ன செய்தார்?"

"ஓடினார், கண்ணு! அதனால்தான் நாம் இருக்கிறோம். பேசாமல் ஓடு!"

முன்னோர் பெருமை பேச்சுக்கு அழகு. ஆபத்து வந்தால் அவரவர் துணிவும் அறிவுமே உதவும்.