மோரா, தண்ணியா?

கடற்கரைக் குடிலில் இருந்த வடிவம்மையைத் தேடி ஊர்ப்பட்ட ஜனம் வரும். அதில் பழைய சீடர் தங்கப்பழம். அன்றைக்கு வந்தவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கூட வந்த தங்கை மாப்பிள்ளை லிங்கத்துரை வெளியே புன்னை மரத்தடியில் நின்றுகொண்டார்.

"என்னப்பா?" என்றார் அம்மா.

தங்கப்பழம் மெல்லச் சொன்னார். ஐஸ் கம்பெனி தொடங்கும்போது அவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். தன் பேரில் நடத்த முடியாது என்று மாப்பிள்ளையை டைரக்டராகப் போட்டார். உத்தியோகத்தை விட்ட பிறகும் அதை மாற்றவில்லை. போன வருஷம் ஐஸ் உறைய வைக்கும் அமோனியாக் குழாய் வெடித்தது. அங்கே ஐஸ் கட்டி தூக்கும் இசக்கியம்மாளுக்குக் கண் பார்வை போய்விட்டது. நாளைக்குக் கோர்ட்டில் விசாரணை. கூண்டில் ஏறப்போவது லிங்கத்துரை.

"காகிதம் எதுலயும் என் பேர் இல்லம்மா. ஒரு கையெழுத்துகூட நான் போட்டதில்ல. நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

அம்மா வாசல் பக்கம் திரும்பினார். லிங்கத்துரையை உள்ளே கூப்பிட்டார்.

"வெயில்ல நிக்கிறியே. மோரா, தண்ணியா?"

லிங்கத்துரை வாயைத் திறக்கவில்லை. திரும்பித் தங்கப்பழத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குச் சளிம்மா. தண்ணி போதும்," என்றார் தங்கப்பழம், யோசிக்காமலே.

"தண்ணியே போதும்மா," என்றார் லிங்கத்துரை. குடித்துவிட்டு வெளியே போனார்.

மோர்ச்சட்டி தொடாமல் கிடந்தது. அதைப் பார்த்ததும் தங்கப்பழத்துக்குப் பழசெல்லாம் வந்துவிட்டது. உத்தியோகம், கம்பெனி எதுவும் இல்லாத காலம். ரெண்டு பேருமாக ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு இந்த வழியாகத்தான் மீன் ஏலத்துக்குப் போவார்கள். சட்டையெல்லாம் ஈர மரத்தூள் மணக்கும். குடில் தெரிந்ததும் லிங்கத்துரைதான் முதலில் இறங்குவார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். மோர் இருக்கா, உப்புத் தூக்கலாப் போடுங்க என்று வாசலில் இருந்தே சத்தம் கொடுப்பார். ரெண்டு செம்பு குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, மச்சானுக்கு அடிமோராவது மிஞ்சுமா என்று கேலி வேறு. அம்மாவுக்கு அப்போது தலை நரைக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஊற்றுவார்.

அம்மாவுக்கும் அந்த நினைப்புதான் போல.

"உப்புக்குச் சண்டை போடுவானே," என்றார்.

"ஆமாம்மா."

"குழாயை மாத்தணும்னு உன்கிட்ட சொன்னானா?"

தங்கப்பழம் தரையைப் பார்த்தார். "சொன்னார். சீசன் முடியட்டும்னேன்."

அம்மா மோர்ச்சட்டியை மூடி வைத்தார்.

"நாளைக்கு ஜட்ஜ் கேப்பாரு. வாயைத் திறக்குறதுக்கு முன்னால அவன் உன் முகத்தைத்தான் தேடுவான். நீ எங்கப்பா நிப்ப?"