ரெண்டுக்கும் ஆவுற கோழி

அட, உக்காருங்கப்பா. சித்த வாய மூடுங்க. நீங்களே பேசி முடிச்சுட்டா நான் எப்ப பேசுறது?

நம்ம துரைக்கண்ணு இருக்காரே, லாரி ஓட்டி ஓஞ்சு வீட்டோட உக்காந்தவரு, அவரு வாயத் தொறந்தா ஏர்ஹாரன்தான். இப்புடி:

"வாத்தியாரேஏஏ! என்னைய ஏமாத்திட்டியே!"

வாத்தியாருன்னா மரகதம். அவரு மக வயசு. ஆனா கோழி வளக்குற விஷயத்துல அவருக்கு அவதான் குரு.

"என்னாச்சு மாமா?"

"முட்டைக்கும் ஆவும், கறிக்கும் ஆவும்னுதான இந்த ஜாதியக் குடுத்த?"

"ஆமா."

"முட்டை போட்டு மூணு வாரமாச்சு! கூடையில குந்துனது எந்திரிக்கவே மாட்டேங்குது. கிட்டப் போனா கொர்ர்ர்ருங்குது. பாரு, வெரலக் கொத்திருச்சு. நாளைக்கு மாப்ள மொதமொதலா விருந்துக்கு வர்றாரு. முட்டைக்கு ஆவலன்னா கறிக்குத்தான? ஒரு வார்த்த சொல்லு, அறுத்துர்றேன்."

மரகதம் நேரா அவரு வீட்டுக் கொல்லைக்கு நடந்தா. பின்னாலயே துரைக்கண்ணு, கையில கத்தியோட.

அங்க கூடை. கூடைய மறைச்சுக்கிட்டு அவரு சம்சாரம் பவுனு. கொழம்புக்கு வெங்காயம் உரிக்கச் சொல்லிட்டுப் போயிருந்தாரு. ஒண்ணுகூட உரிக்கல.

பவுனு பேசி ஊர்ல யாரும் கேட்டதில்ல. அந்த ஹாரனுக்குப் பக்கத்துல யாரு பேசுனாத்தான் கேக்கும்?

"நவுருடி."

நவுரல.

"எத்தன நாளா குந்தியிருக்கு அத்த?" மரகதம் பவுனக் கேட்டா.

பவுனு ரெண்டு கையயும் விரிச்சுக் காட்டுனா. மறுபடியும் விரிச்சா. அப்புறம் ஒத்த வெரலு.

மரகதம் சிரிச்சா.

"மாமா, கத்தியக் கீழ வைங்க. கோழிக்கு அடியில கைய வுடுங்க."

"கொத்தும்!"

"கொத்தட்டும்."

பவுனு கொஞ்சூண்டு வழி வுட்டா. அவரு கைய வுட்டாரு. கொத்துச்சு. எடுக்கல.

ஹாரன் நின்னுபோச்சு.

"சூடா இருக்கு வாத்தியாரே... என்னமோ அசையுது."

மெல்ல வெளிய எடுத்தாரு. உள்ளங்கையில ஒரு குஞ்சு. ஈரம்கூடக் காயல. கிய்ங்குது.

முப்பது வருசம் ஸ்டீரிங் புடிச்ச கை. குஞ்சச் சுத்திக் கூடு மாதிரி குவியுது.

"ஏ பவுனு..." குஞ்சு பயந்துருமோன்னு குசுகுசுங்குறாரு. "முட்டையெல்லாம் நீதான் அடை வச்சியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பவுனு குஞ்ச வாங்கி, கோழி றெக்கைக்கு அடியில வுட்டா.

"முட்டையா, கறியான்னுதான கேட்டீங்க. குஞ்சான்னு கேக்கலையே."