ஹேசலம்மாவுக்கு விட்ட இடம்

ஒரு ஊர்ல ஒரு துரை இருந்தாராம். இங்கே இல்லடி, இங்கிலாந்துல. பேரு பெர்சி. காடு, மலை, ஓடை, எதைப் பார்த்தாலும் தண்ணியில வர்ணம் கலக்கி வரைஞ்சு தள்ளிடுவாரு. அதெல்லாம் புஸ்தகத்துல படமா வரும். கெட்டிக்காரர்தான். ஆனா வரையிற நினைப்புல பிரஷ்ஷை டீ கப்புல முக்கிடுவாரு. அப்புறம் வர்ணத் தண்ணியை எடுத்து மடக் மடக்னு குடிச்சிட்டு, "இன்னிக்கு டீ பிரமாதம்"னு வேற சொல்லுவாரு! சிரிக்காம "ம்" சொல்லு.

அவர் பொண்டாட்டி ஹேசலம்மா. துரைக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது, எல்லாம் அந்தம்மாதான். ஒரு நாள் அவங்க புஸ்தகத்தையெல்லாம் எடுத்துப் புரட்டிப் பார்த்தாங்க. அப்போ வந்துச்சு பாரு கோபம்!

"இந்த ஊர் மாடு இருக்கு, வேலி இருக்கு, பக்கத்து வீட்டுக் கோழிகூட இருக்கு. நான் எங்கே? அடுத்த புஸ்தகத்துல நான் வரலைன்னா எங்க அக்கா வீட்டுக்கே போயிடுவேன். அப்புறம் உங்க டீயை நீங்களே போட்டுக்குங்க!"

துரை நல்லா மாட்டிக்கிட்டாரு. ஏன்னா அவருக்கு மனுஷங்களை வரையவே வராது. அதைச் சொல்லவும் வெட்கம். தூங்கிட்டியா? "ம்" வரலையே... ஆங், சரி.

மொத நாள் சர்ரு சர்ருனு வரைஞ்சாரு. அந்தம்மா பார்த்துட்டு, "இது நானா, வேலிக் கம்பமா?"ன்னாங்க. ரெண்டாம் நாள் மறுபடி வரைஞ்சாரு. "இதுக்குக் கொம்பு ஒண்ணுதான் பாக்கி"ன்னுட்டுப் பெட்டியைத் திறந்து துணி அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

மூணாம் நாள் துரை எதிர் மேட்டுல போய் உட்கார்ந்தாரு. அங்கேர்ந்து பார்த்தா, அந்தம்மா வெள்ளை ஏப்ரன் கட்டிக்கிட்டுக் கொடியில காயுற துணியை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எல்லாம் பெட்டியில வைக்கத்தான்! துரை அவசர அவசரமா புல்லு, வீடு, மேகம்னு வரைஞ்சாரு. பாதியில சொட், சொட்னு மழை! மத்த நாளா இருந்தா படம் வரையிற அட்டையைத் தலையில கவுத்துக்கிட்டு ஓடி வந்திருப்பாரு. அன்னிக்குப் படத்து மேல அப்படியே குனிஞ்சு கவுந்துக்கிட்டாரு. மழை அவர் வழுக்கைத் தலையில டப் டப்னு தாளம் போட்டுது.

அப்போ ஹேசலம்மா மனசு கேக்காம குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. "எழுந்திருங்க, என்ன பைத்தியக்காரத்தனம் இது?" படத்தைப் பார்த்தாங்க. "இதுலயும் நான் இல்லையே!"

"இதோ இருக்கியே"ன்னு நகத்தளவு வெள்ளையைக் காட்டினாரு துரை.

"இங்கே ஒண்ணுமே வரையலையே? எனக்குன்னா ஒரு சொட்டு வர்ணம்கூட இல்லையா?"

"நான் வெள்ளை வர்ணமே வச்சுக்கிறதில்லை ஹேசல். வெள்ளை வேணும்னா காகிதத்தை அப்படியே விட்டுடுவேன், அதுதான் உன் ஏப்ரன். ஒரு சொட்டு பட்டுட்டா போச்சு, திரும்ப வராது. சுத்தி எல்லாத்தையும் வரைஞ்சேன். உன் மேல மட்டும் எதுவும் படாம பார்த்துக்கிட்டேன்."

அந்தம்மா அந்த வெள்ளையை மறுபடி உத்துப் பார்த்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் குடையை மெல்ல நகர்த்திப் பிடிச்சாங்க. துரை தலைக்கா? ம்ஹூம், படத்துக்கு! துரை நனைஞ்சுக்கிட்டே பின்னாடி நடந்து வந்தாரு.

பெட்டி பரண் மேல ஏறிச்சு. சுடச்சுட டீ வந்துச்சு. துரை மறக்காம அதுல பிரஷ்ஷை முக்கினாரு.

படம் காஞ்சாச்சு, கதையும் ஆச்சு. கண்ணை மூடுடி கண்ணு.